இணையின்றிப் பெருகும் உயிர்களும் 'ஜவ்ஜைன்' என்னும் சொல்லும்

தஃப்ஸீர் வகுப்பில் அத்தாரியாத் அத்தியாயத்தின் 49ஆம் வசனத்தை நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் கையுயர்த்தினார். காலையில் நம்மிடம் அரபியும் மாலை நேரக் கல்லூரி ஒன்றில் விலங்கியலும் பயில்பவர் அவர். ஒவ்வொரு பொருளிலிருந்தும் இரு இணைகளை இறைவன் படைத்ததாகக் கூறும் வசனம் அது. "ஹஜ்ரத், ஜோடி என்றால் ஆணும் பெண்ணும் என்று தமிழில் வரும் நூல்களில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆணுமின்றிப் பெண்ணுமின்றிப் பெருகும் பிராணிகளைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்களே?" என்று அவர் கேட்டார். வகுப்பிலிருந்த மற்றவர்கள் நம் முகத்தை நோக்கினர். அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. பாடத்தை முடித்துக்கொண்டு, தென்சென்னைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கும் நண்பரை அம்மாணவருடன் சென்று கண்டோம். அவரது ஆய்வுக்கூடத்தில் கண்டனவும், அதன்பின் கிதாபுகளில் தேடிப் படித்தனவும் சேர்ந்ததே இக்கட்டுரை.

நண்பர் முதலில் காட்டியது ஹைட்ரா. நன்னீர்க் குட்டைகளில் பாசியின்மீதும் இலையின் அடிப்புறத்திலும் ஒட்டிக்கொண்டு வாழும் சிற்றுயிர் இது. நூலிழை போன்ற உடல். அதன் நுனியில் வாய். வாயைச் சுற்றிச் சில மெல்லிய உணர்கொம்புகள். நீளம் சில மில்லிமீட்டர்களுக்கு மேல் இல்லை. உருப்பெருக்கியில் நாம் கண்ட ஹைட்ராவின் விலாவிலிருந்து சிறியதோர் அரும்பு புடைத்திருந்தது. அவ்வரும்பின் நுனியிலும் கொம்புகள் தோன்றியிருந்தன. தாயின் வயிற்றறையும் குட்டியின் வயிற்றறையும் அப்போது ஒன்றே. தாய் உண்ட உணவு குட்டிக்கும் செல்லும். சில நாட்களில் அடிப்பகுதி சுருங்கி, குட்டி தனியே பிரிந்துவிடும். விலங்கியலார் இதனை அரும்புதல் என்பர். வாழைக்குப் பக்கக்கன்று தோன்றுவதைக் கண்டிருப்போர்க்கு இது எளிதில் விளங்கும்.

இச்சிற்றுயிரை உலகறியச் செய்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த ஆபிரகாம் டிரெம்பிளே. நெதர்லாந்தில் ஹேக் நகருக்கருகே ஒரு பிரபுவின் மக்களுக்கு அவர் ஆசிரியராயிருந்தார். 1740ஆம் ஆண்டு ஓடைநீரில் பச்சை நிறமான இவ்வுயிரைக் கண்டபோது, இது செடியா விலங்கா என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. நிறம் செடியினது, அசைவோ விலங்கினது. ஐயத்தைத் தீர்க்க அவர் கைக்கொண்ட அளவுகோல் இதுதான்: குறுக்கே வெட்டிப் பார்ப்போம், இரு துண்டுகளும் வளர்ந்தால் செடி, இறந்தால் விலங்கு. இரு துண்டுகளும் வளர்ந்தன. அடித்துண்டுக்குப் புதிய வாயும் கொம்புகளும் முளைத்தன. ஆயினும் இரு துண்டுகளுமே நடந்தன, இரையைப் பிடித்து உண்டன. அளவுகோலே முறிந்துபோயிற்று. 1744இல் அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பிய அறிஞருலகில் பெருங்கிளர்ச்சியை உண்டாக்கியதில் வியப்பில்லை. கத்திக்கு அஞ்சாத விலங்கு ஒன்று உண்டு என்பதை அதுவரை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

டிரெம்பிளேயின் அளவுகோல் நம்மவர்களுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸ்ராவில் தோன்றிய இக்வானுஸ் ஸஃபா குழுவினர் தம் நிருபங்களில் படைப்பினங்களை ஒரு படிவரிசையாக நிறுத்துகின்றனர். தாவரத்தின் உச்சப்படியில் அவர்கள் வைப்பது பேரீச்ச மரத்தை. அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மேலும் அதன் தலையை வெட்டினால் மரம் பட்டுப்போகும். எனவே அது விலங்குக்கு அண்மையது என்பது அவர்கள் வாதம். நம் ஊர்ப் பனையும் அத்தகையதே. விலங்கின் தாழ்ந்த படியில் அவர்கள் வைப்பது, கடற்கரைப் பாறைகளில் கல்போன்ற குழலுக்குள் வாழும் ஒரு புழுவை. அது பாதி உடலை வெளியே நீட்டி வலமும் இடமும் உணவு தேடுகிறது. கடினமான ஏதேனும் பட்டால் உள்ளே சுருங்கிவிடுகிறது. தொடுவுணர்வு ஒன்றைத்தவிர அதற்கு வேறு புலனில்லை என்கின்றனர். இப்னு கல்தூனும் தம் முகத்திமாவில் இதே வரிசையைத் தொட்டுச் செல்கிறார். பேரீச்சையும் திராட்சையும் தாவரத்தின் எல்லை. நத்தையும் சிப்பியும் விலங்கின் தொடக்கம்.

இவ்விரு கூற்றுகளையும் பரிணாமக் கொள்கைக்கு முன்னோடி என்று சிலர் மேடையில் முழங்குகின்றனர். நாம் அவ்வளவு தூரம் செல்லத் துணியோம். அவர்கள் கூறியது படிவரிசை. ஒன்றிலிருந்து மற்றொன்று வம்சமாகப் பிறந்தது என்னும் வரலாறு அன்று. நம் கவனத்துக்குரியது வேறொன்று. தலை போனால் உயிர் போகும் என்பதை உயர்படியின் அடையாளமாக அவர்கள் கண்டுகொண்டனர். கீழே செல்லச் செல்ல உடலின் ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் முழுமைக்குரிய ஆற்றலைத் தாங்கி நிற்கும். மேலே வரவர உறுப்புகள் தத்தம் தொழிலில் தேர்ந்து, ஒன்றின்றி மற்றொன்று வாழ இயலாதனவாகும். இன்றைய விலங்கியலும் ஏறத்தாழ இதையே கூறுகிறது. ஆனால் விலக்குகளும் பலவுண்டு என்று எச்சரிக்கிறது.

சென்னைக்கும் இத்துறைக்கும் உள்ள தொடர்பை நண்பர் சொல்லித்தான் நாம் அறிந்தோம். 1930களில் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தை ஆர். கோபால ஐயர் நடத்திவந்தார். அவரிடம் ஆய்வு செய்தவர் என். கே. பணிக்கர். சென்னையின் உவர்நீர் உயிரினங்களைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதியுள்ளனர். உவர்நீர் என்பது ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுக நீர். கோடையில் உப்பு மிகும், மழைக்காலத்தில் ஏறக்குறைய நன்னீராகிவிடும். அடையாறும் கூவமும் கடலை அடையும் இடங்களை நினைத்துக்கொள்க. இத்தகைய நிலையற்ற நீரில் வாழ்வது எளிதன்று. சென்னையை அடுத்த உவர்நீரிலிருந்து அதுவரை அறியப்படாத கடற்சாமந்தி ஒன்றைப் பணிக்கர் கண்டெடுத்து, 1937இல் அதன் உடலமைப்பையும் பாலிலா இனப்பெருக்கத்தையும் விரித்து எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் பொலொசெராக்டிஸ் கோபாலை. தம் ஆசிரியரின் பெயரை ஓர் உயிரினத்தின் பெயரில் வைத்த அந்த மாணவரின் அதபை நம் மாணவர்களுக்கு நாம் எடுத்துரைத்தோம். பணிக்கர் பின்னாளில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும், 1966இல் தோன்றிய தேசியக் கடலாராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநராகவும் விளங்கினார்.

கடற்சாமந்தி பெயரளவில் பூ; உண்மையில் ஹைட்ராவின் உறவினமான குழியுடலி. பணிக்கரின் உயிரினம் சார்ந்த குடும்பத்துக்கே ஒரு விந்தைப் பழக்கம் உண்டு. அக்குடும்பத்துப் பொலொசெராய்டிஸ் என்னும் இனத்தில் ஒவ்வோர் உணர்கொம்பின் அடியிலும் வளையத்தசை ஒன்று இருக்கிறது. பகை தீண்டினால் அத்தசை இறுகிக் கொம்பு கழன்றுவிடும். பல்லி வாலைப் போடுவது போல என்று சொல்லலாம். ஆனால் பல்லியின் வால் துடித்து அடங்கிவிடும். இதன் கொம்போ முழுக் கடற்சாமந்தியாக வளரவல்லது. சில வேளைகளில் கொம்பு கழலுமுன்னரே அதன் அடியில் குட்டி அரும்பியிருக்கும். பகைக்குக் கொடுத்த ஈடே மக்கட்பேறாக மாறுகிறது.

பல்லியைப் பற்றி இங்கே ஒரு சொல். இழந்த வால் மீண்டும் வளர்கிறது என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். வளர்வது பழைய வாலன்று. முள்ளெலும்புக் கோவைக்குப் பதிலாக ஒரே குருத்தெலும்புக் குழல்தான் புதிய வாலின் நடுவே ஓடுகிறது, செதில்களும் வேறுபடுகின்றன. தட்டைப்புழுவும் ஹைட்ராவும் இழந்ததைக் குறைவின்றி மீட்கின்றன. 'இழப்பு மீட்டல்' என்னும் ஒரே பாடநூற்சொல் இவ்விரண்டையும் குறிப்பதால் மாணவர்கள் குழம்புகின்றனர்.

மண்புழுவிலும் இத்தகைய மயக்கம் ஒன்று உண்டு. மண்புழுவை மண்வெட்டி இரண்டாக்கினால் இரண்டு மண்புழுக்களாகிவிடும் என்று சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். பெரும்பாலான இனங்களில் அது தவறு. முன்துண்டு போதிய நீளமிருந்தால் புதிய வாலை வளர்த்துக்கொள்ளும். பின்துண்டு பெரும்பாலும் மடிந்துவிடும். சிலவற்றில் பின்துண்டின் வெட்டுவாயில் தலைக்குப் பதிலாக இன்னொரு வாலே முளைப்பதுண்டு. இருபுறமும் வாலுடைய அந்த அவல உயிர் உண்ண வழியின்றிச் சாகும். ஆனால் நம் நாட்டு மண்புழுவாகிய பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் இதற்கு விலக்கு. இரங்கூன் ஜட்சன் கல்லூரியில் பணியாற்றிய கேட்ஸ் என்பவர் 1927இல் இதன் மீட்டாற்றலை ஆராய்ந்து எழுதினார். தலையையும் வாலையும் மீட்பதில் இது மற்ற மண்புழுக்களினும் மிக வல்லது. இதே மண்புழுவையும் லாம்பிட்டோ மௌரிட்டி என்னும் மற்றோர் உள்நாட்டு இனத்தையும் கொண்டு மண்புழு உரம் ஆக்கும் முறையை நாடெங்கும் பரப்பியவர், இராயப்பேட்டை நியூ கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுல்தான் அஹ்மத் இஸ்மாயில் என்பதை நம் வாசகர் பலர் அறிவர். அயல்நாட்டுப் புழுக்களை இறக்குமதி செய்வதைவிட நம் மண்ணின் புழுக்களே போதும் என்பது அவர் வலியுறுத்தி வந்த கருத்து.

பஞ்சுயிரியைச் சொல்லாமல் விட முடியாது. தசையும் நரம்பும் வயிறும் இல்லாத விலங்கு அது. 1907இல் வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர் கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார். அது தனித்தனிச் செல்களாகச் சிதறி நீரின் அடியில் படிந்தது. அச்செல்கள் ஊர்ந்து ஒன்றையொன்று நாடி, திரண்டு, மீண்டும் கடற்பஞ்சாக அமைந்தன. நன்னீர்ப் பஞ்சுயிரிகளோ, குளம் வற்றும் காலத்தில் கடினமான உறைக்குள் செல்களைப் பொதிந்து சிறு மணிகளாக விட்டுச்செல்லும். தாயுடல் அழிந்தபின்னும் மணிகள் வறட்சியைத் தாங்கிக் கிடந்து, நீர் வந்ததும் முளைக்கும். ஆண்டில் சில மாதம் நிறைந்து சில மாதம் வற்றும் நம் ஏரிகளுக்கு இது எத்துணைப் பொருத்தமான ஏற்பாடு! தி. நகர் 1920களில் தூர்க்கப்பட்ட நெடிய ஏரியின் படுகையில் எழுந்தது என்பதைப் பட்டு வாங்க அங்கே செல்வோர் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்?

எனினும் ஆய்வாளர்களை மிகுதியும் ஈர்த்தது பிளனேரியா என்னும் தட்டைப்புழுவே. ஓடைக் கற்களின் அடியில் வாழும், விரல்நகத்தின் நீளமே உள்ள புழு. தலையில் இரு கண்கள், எளிய மூளை, கிளைத்த குடல் எல்லாம் இதற்கு உண்டு. ஹைட்ராவைப் போல வெறும் பை அன்று. இதனை 279இல் ஒரு பங்காக வெட்டினாலும் அத்துண்டு முழுப்புழுவாக வளரக்கூடும் என்னும் கணக்கு, பின்னர் மரபியலில் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஹண்ட் மார்கன் 1898 அளவில் செய்த ஆய்வுகளிலிருந்து வழங்கிவருவது. காரணம் என்ன? இதன் உடலெங்கும் நியோபிளாஸ்ட் எனப்படும் குருத்துச்செல்கள் பரவியுள்ளன. காயம் பட்டவுடன் அவை அங்கே திரண்டு பெருகி, தேவைப்படும் உறுப்புக்குரிய செல்களாக மாறுகின்றன. கதிர்வீச்சால் அச்செல்கள் யாவும் அழிக்கப்பட்ட புழு ஒன்றினுள் வேறொரு புழுவின் ஒரே ஒரு நியோபிளாஸ்ட்டைச் செலுத்தி, அதிலிருந்தே அப்புழுவின் திசுக்கள் அனைத்தும் புதுப்பிக்கப்பட்டு அது பிழைத்ததை 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினர். பிளனேரியாவில் சில இனங்கள் கத்தியை எதிர்பார்ப்பதுமில்லை. வாலை ஒரு கல்லில் பற்றவைத்து, உடலை முன்னே இழுத்துத் தாமாகவே இரண்டாகின்றன.

ஆய்வுக்கூடத்தில் நண்பர் கத்தியை நம்பக்கம் நீட்டினார். நாம் அதைத் தொடவில்லை. உயிருள்ள பிராணியை உறுப்பறுப்போரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி நம் நினைவில் நின்றது. மருத்துவத்துக்கும் கல்விக்கும் தேவையான ஆய்வில் இதன் சட்டம் என்ன என்பது தனியே ஆராயத்தக்க மஸ்அலா. நண்பர் நம்மை வற்புறுத்தவில்லை. தம் மாணவர்களுக்காக முந்தைய நாள் வெட்டி வைத்திருந்த தட்டையே காட்டினார்.

இங்கே மாணவர் இன்னொரு வினாவை எழுப்பினார். உயிருள்ள கால்நடையிலிருந்து வெட்டப்பட்ட பகுதி செத்ததேயாகும் என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஹதீஸ் உண்டே, இங்கே வெட்டப்பட்ட பகுதி வாழ்கிறதே என்றார். ஹதீஸின் சூழலை நோக்கினால் ஐயம் அகலும். ஒட்டகத்தின் திமிலையும் ஆட்டின் கொழுத்த வாலையும் உயிரோடிருக்கையிலேயே அரிந்து தின்னும் வழக்கம் மதீனாவில் இருந்தது. அதைத் தடுக்க வந்த சட்டம் அது. உண்பது கூடுமா, துப்புரவானதா என்பதே அதன் பேசுபொருள். நம் ஷாஃபிஈ ஃபுகஹாக்கள் இதனைப் பொதுவிதியாக்கும்போது, பிரிந்த பகுதி அப்பிராணியின் 'பிணத்தைப் போன்றது' என்றே கூறுகின்றனர். அதனால்தான் மீனின் துண்டு கூடும், ஆட்டின் துண்டு கூடாது என்னும் வேறுபாடு வருகிறது. செல்லின் வாழ்வையும் சாவையும் பற்றி அங்கே பேச்சே எழவில்லை.

இனி 'ஜவ்ஜைன்' என்னும் சொல்லுக்கு வருவோம். எந்த மொழிபெயர்ப்பையும் அன்றி, மூலத் தஃப்ஸீர்களையே நாம் முதலில் நாடியிருக்க வேண்டும். இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் (இறப்பு ஹிஜ்ரி 310) இவ்வசனத்துக்கு இரு விளக்கங்களைத் தருகிறார்கள். இப்னு ஜைத் என்பார் ஆணும் பெண்ணும் என்கிறார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாணவரான முஜாஹித் (ரஹ்) அவர்களோ இறைமறுப்பும் நம்பிக்கையும், இழிவும் நற்பேறும், நேர்வழியும் வழிகேடும், இரவும் பகலும், வானமும் பூமியும், மனிதரும் ஜின்னும் என அடுக்குகிறார்கள். இவ்விரண்டில் முஜாஹிதின் விளக்கத்தையே தபரீ ஏற்புடையதாகக் கொள்கிறார்கள். அவர்கள் காட்டும் காரணம் ஆழமானது. நெருப்பு சுடும், குளிர்விக்காது. பனிக்கட்டி குளிர்விக்கும், சுடாது. ஒரே தன்மைக்குக் கட்டுப்பட்ட பொருள் ஒரே செயலையே செய்யும். ஒன்றையும் அதற்கு மாறானதையும் படைக்க வல்லவனே முழு ஆற்றலுடையவன், அவனே வணக்கத்துக்குரியவன். வசனம் உயிரியலின் ஒரு விதியை அறிவிக்க வந்ததன்று என்பது இதனால் தெளிவாகும்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்விளக்கம் ஹைட்ராவைக் கண்டு அதிர்வதில்லை. அதிர்வது, அண்மைக்கால அறிவியல் அற்புதத் துண்டுப்பிரசுரங்களின் வாதமே. உலகிலுள்ள யாவும் ஆண் பெண் என்னும் இணையாகவே உள்ளன என்று இன்றைய அறிவியல் கண்டுபிடித்துவிட்டது என்று எழுதிவிட்டால், பள்ளிப் பாடநூலின் ஒரு பக்கமே அதனை மறுத்துவிடும். நம் வீட்டுப் பூந்தொட்டியில் புழுவென்று எண்ணி நாம் தள்ளிவிடும் புழுப்பாம்பு முழுவதும் பெண்ணினம். ஆணின் துணையின்றியே முட்டையிட்டுப் பெருகுவது. முதுகெலும்புள்ள பாம்பே இவ்வாறிருக்க, ஹைட்ராவைப் பற்றிச் சொல்வானேன்? மண்புழுவோ எதிர்த்திசையில் வியப்பளிப்பது. ஒரே உடலில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இருந்தும், இரண்டு புழுக்கள் கூடியே கருத்தரிக்கின்றன. ஹைட்ராவும் உணவும் நீரும் செழிப்பாயுள்ளபோது அரும்பிப் பெருகும். காலம் மாறினால் விந்தகமும் அண்டகமும் உண்டாக்கிக் கருமுட்டையிடும். நூர் அத்தியாயத்தின் 45ஆம் வசனம் வயிற்றால் ஊர்வனவற்றையும் இரு காலால் நடப்பனவற்றையும் நான்கு காலால் நடப்பனவற்றையும் கூறிவிட்டு, தான் நாடுவதைப் படைப்பதாக இறைவன் கூறுவதோடு முடிகிறதே, அந்த விரிவை ஏன் நாமே குறுக்கிக்கொள்ள வேண்டும்?

இதே எச்சரிக்கை வேறொரு செய்திக்கும் பொருந்தும். மனிதன் மறுமையில் தன் முதுகெலும்பின் அடிநுனியிலிருந்து மீண்டும் அமைக்கப்படுவான் என்று புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் உள்ளது. ஒரே நியோபிளாஸ்ட்டிலிருந்து முழுப்புழு உருவாவதைக் காட்டி, ஹதீஸுக்கு அறிவியல் சான்று கிடைத்துவிட்டது என்று எழுதும் ஆசை நமக்கும் ஒரு கணம் வந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மறுமை எழுப்புதல் மறைவானவற்றைச் சேர்ந்தது; அதற்குச் சான்று நபிமொழியே. புழுவிலிருந்து அதற்கு உவமை காட்டலாம், ஆதாரம் காட்டலாகாது. நாளை நியோபிளாஸ்ட்டைப் பற்றிய கருத்து திருத்தப்படுமாயின் நம் ஈமானையும் உடன் திருத்திக்கொள்வோமா?

உயிர் பற்றிய வினா இவற்றினும் கடினமானது. ஒரு புழு இரண்டானால் அதன் உயிரும் இரண்டாயிற்றா? அரிஸ்டாட்டில் தம் ஆன்மா பற்றிய நூலில், சில பூச்சிகள் வெட்டுண்டபின்னும் இரு துண்டுகளும் அசைவதை எடுத்துக்காட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஆன்மாவின் ஆற்றல்கள் அனைத்தும் உள்ளன என்கிறார். 'கிதாபுந் நஃப்ஸ்' என்னும் பெயரில் அரபிக்கு வந்த அந்நூலுக்கு இப்னு ருஷ்து விரிவுரைகள் எழுதினார். உண்ணல், வளர்தல், உணர்தல் ஆகிய ஆற்றல்களுக்குரிய நஃப்ஸ் உடலோடு கலந்தது. உடல் பகுந்தால் அதுவும் பகுபடும் என்று கொள்வதில் இடர்ப்பாடில்லை. மனிதனின் ரூஹ் பற்றிய வினாவை இதனோடு சேர்த்துக் குழப்பலாகாது. அது குறித்து நமக்கு வழங்கப்பட்ட அறிவு சொற்பமே என்று இஸ்ரா அத்தியாயத்தின் 85ஆம் வசனம் முன்பே எல்லை வகுத்துவிட்டது.

பன்னிரண்டு நாட்களுக்குப்பின் நண்பர் மீண்டும் அழைத்தார். தட்டில் இரண்டு பிளனேரியாக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கு வாலும் மற்றொன்றுக்குத் தலையும் புதியவை. புதிய பகுதி சற்றே வெளிறியிருந்தது. வால்துண்டில் முளைத்த தலையில் இரு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரிந்தன. நண்பர் ஈரல் துணுக்கு ஒன்றை நீரில் இட்டார். இரண்டும் அதனை நோக்கித் திரும்பின. மாணவர் நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஹஜ்ரத், இவற்றில் பழைய புழு எது?" என்று கேட்டார். நாம் நண்பரைப் பார்த்தோம். நண்பர் நம்மைப் பார்த்தார்.